குடிபோன கடல்

அத்தியாயம் 5

"மீனெல்லாம் ஜோரா நீந்துது. அப்புறம் யாருக்குத்தான் எழவு விழுந்துச்சு?" என்றான் முனீஸ்.

கேட்ட இடம் சரியில்லை. திருமுருகன்பூண்டியில் புதிதாகக் கட்டிக் குடிவந்த வீட்டின் கூடம் அது. சுவரில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. எதிரே ஆறடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் சவரம் செய்யாத முகமும் கசங்கிய சட்டையுமாக நின்றவர் மகுடேஸ்வரன். நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி முதலாளி. கப்பலேற்றிய சரக்கு மொத்தமும் திரும்பி வந்திருந்தால்கூட அவர் முகம் இத்தனை வாடியிருக்காது.

சுப்புலட்சுமி முனீஸின் காலை அழுத்தி ஒரு மிதி மிதித்தார்.

சுப்புலட்சுமியைத் திருப்பூரில் தெரியாதவர்கள் குறைவு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் பார்த்துப் பழுத்தவர். ஒரு பனியனைக் கையில் எடுத்தாரென்றால், எந்த மெஷினில் ஊசி மழுங்கியிருந்தது, தைத்தவன் அன்றைக்குப் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தானா என்பது வரை சொல்லிவிடுவார் என்று பேச்சு. அந்தக் கண்ணையே மூலதனமாக வைத்து, பட்டன் ஜிப் விற்கும் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். ஆபீஸில் மொத்தம் இரண்டே நாற்காலி. ஒன்று அக்காவுக்கு, மற்றது வருகிறவர்களுக்கு. உதவியாளன் முனீஸ் நின்றுகொண்டே ஜோக் அடிப்பான்.

"இதெல்லாம் பவளமுங்க," என்று மகுடேஸ்வரன் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "பச்சையும் ஊதாவுமா இருந்துச்சுங்க. இப்பப் பாருங்க, அத்தனையும் சுண்ணாம்பாட்டம் வெளுத்துப் போச்சு. எறாலெல்லாம் செத்துப் போச்சு. நட்சத்திர மீனு கரைஞ்சே போச்சு. நடுவுல கடல் சாமந்தின்னு ஒண்ணு இருந்துச்சுங்க. அந்த ஜோடி மீனு ரெண்டும் அதுக்குள்ளதான் படுக்கும். அதுவும் போயிருச்சுங்க்கா."

பெரிய மனிதர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கூருல எறா செத்தா குழம்பு வைப்பாக," என்று முனீஸ் அக்காவின் காதில் முணுமுணுத்தான். "இங்கன துக்கம் கேக்க வரணும் போலுக்கு."

"வாயை மூடு கண்ணு," என்றார் சுப்புலட்சுமி. பிறகு மகுடேஸ்வரனிடம் திரும்பினார். "ஏனுங்க, பழைய ஊட்டுல இது எத்தனை வருசமா இருந்துச்சுங்க?"

"ஏழு வருசமுங்க. ஒரு எறால்கூட வீணாகலைங்க. பாண்டித்துரை பேர்த்துக் கொண்டாந்து இங்க வெச்சான். ஒரே வாரத்துல எல்லாம் முடிஞ்சுது. ரோட்டுல எங்கயோ சாயத்தண்ணி கலந்த போர் தண்ணியப் புடிச்சு ஊத்தியிருக்கறான். உங்க மேல மரியாதை இருக்கறதால சாயங்காலம் வரைக்கும் பொறுக்கறனுங்க. அதுக்கப்புறம் எங்க தொட்டிக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல அவன் போட்டோவப் போட்டுருவேன். அப்புறம் திருப்பூருல ஒருத்தன் ஊட்டு வாசப்படி மிதிக்கட்டும் பார்ப்போம்."

அது வெறும் மிரட்டல் இல்லை. ஊரில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிற முதலாளிகள் அத்தனை பேரும் அந்த குரூப்பில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் தொட்டி பார்ப்பது பாண்டித்துரை ஒருவன்தான். ஒரு போட்டோ, ஒரு வரி. அவன் தொழில் அன்றோடு மூடிக்கொள்ளும்.

இந்த வழக்கைக் கொண்டுவந்ததும் அதே பாண்டித்துரைதான். இப்போது கேட்டுக்கு வெளியே தன் வேனின் படியில் உட்கார்ந்திருந்தான். கேட்டைத் தாண்டக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

ஜன்னல் வழியாக அந்த வேன் தெரிந்தது. முனீஸுக்கு வயிறு எரிந்தது.

வெள்ளை வேன். பக்கவாட்டில் நீல எழுத்தில் 'பாண்டி மரைன்ஸ்'. முனீஸும் பாண்டித்துரையும் சாத்தூர்ப் பக்கம் ஒரே ஊர், ஒரே தெரு. ஒரே பஸ்ஸில் திருப்பூருக்கு வந்து இறங்கி, ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர்கள். இன்றைக்கு அவனுக்குச் சொந்த வேன், சொந்த மனை. முனீஸுக்கு லைன் வீட்டில் ஒரு ரூம், அதிலும் மழை பெய்தால் பாதி ரூம். 'நானும் தான் உழைச்சேன், எனக்கு மட்டும் ஏன் மீன் கண்ணு தெறக்கலை' என்று முனீஸ் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டான். பதில் வந்ததில்லை. காலையில் பாண்டித்துரை ஆபீஸ் படியேறி வந்து வெளிறிய முகத்தோடு நின்றபோது முனீஸின் மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. 'மாட்டட்டும், இந்த ஒரு தடவையாவது மாட்டட்டும்' என்றுதான் தோன்றியது.

"தொட்டி எப்ப இங்க வந்துச்சுங்க?" என்று கேட்டார் சுப்புலட்சுமி.

"குடிபோற பூசைக்கு முந்தின நாளுங்க. எல்லாம் முடியட்டும், அப்புறமா மாத்தலாம்னுதான் அவன் சொன்னான். நாந்தான் கேக்கலை. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனையும் வர்ற அன்னிக்கு இது ஓடிட்டு இருக்கோணும்னு ஆசைப்பட்டனுங்க."

அதற்குள் அவர் போன் அலறியது. ஜெர்மனி பையர் வீடியோ காலில் காத்திருக்கிறாராம். மகுடேஸ்வரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலாளி முகத்தை மாட்டிக்கொண்டு மாடியேறினார்.

சுப்புலட்சுமி ஒரு காலி பாட்டிலில் தொட்டித் தண்ணீரை மொண்டு முனீஸிடம் கொடுத்தார். "வா, உன்ற சேக்காளியப் பார்ப்போம்."

பாண்டித்துரை அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு," என்றான் முனீஸ் போலீஸ் தோரணையில். "தண்ணி எங்கன புடிச்ச?"

"பழைய தண்ணிதாண்டா. அங்கன இருந்ததையே டிரம்முல ரொப்பிக் கொண்டாந்தேன். மீனக் கொண்டுபோறது பெரிய விசயமே இல்லக்கா. கல்லக் கொண்டுபோறதுதான் பாடு. தொட்டியோட உசிரே அந்தக் கல்லுக்குள்ள தான் கெடக்கு. காஞ்சா செத்துப்போகும். அந்தப் பழைய தண்ணியிலயே கல்ல முக்கி, ஈரச்சாக்கு போட்டு மூடி, பேட்டரி மோட்டார்ல காத்து விட்டுக்கிட்டே வந்தேன். ஓட வெச்சுக் குடுத்துட்டு மறுநா ஒரு சாவுக்கு ஊருக்குப் போனவன்தான். திரும்பி வந்தா தொட்டியத் தொடவே விட மாட்டேங்காரு."

"மீனெல்லாம் உசுரோட இருக்குது. மத்ததெல்லாம் செத்துக் கெடக்குது. ஏன்?" என்றார் சுப்புலட்சுமி.

பாண்டித்துரை நிமிர்ந்தான். "மீனு ஒண்ணுகூடச் சாகலையாக்கா? எல்லாரும் செத்துச்சு செத்துச்சுன்னாங்களே தவிர, எது செத்துச்சுன்னு எவரும் சொல்லலையே." அவன் வேனுக்குள் பாய்ந்து ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். பாட்டில் தண்ணீரில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டான். தண்ணீர் மெல்ல நீலமாகத் திரும்பியது.

"செம்பு," என்றான். "எலும்பு இருக்கிறதுக மீனு, அதுக தாங்கிக்கிரும். எலும்பில்லாதது ஒண்ணுகூட இதுல பொழைக்காதுக்கா."

"உன் மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கிறது செம்புக் கம்பிதானடா?" என்று முனீஸ் ஆவலோடு கேட்டான். ஆவல் கொஞ்சம் அதிகமாகவே வெளியே தெரிந்துவிட்டது.

"அது தண்ணி படாம மூடி வார்த்தது."

"ஓட்டை விழுந்திருந்தா?"

"மொத மீனுக்குல்ல ஷாக் அடிக்கும்."

சுப்புலட்சுமி ஏற்கெனவே வீட்டுக்குள் போய்விட்டிருந்தார்.

தொட்டியைத் தாங்கியிருந்த மரப்பெட்டிக்கு இரண்டு கதவுகள். பார்த்தால் செருப்பு வைக்கிற அலமாரி என்றுதான் நினைப்பார்கள். கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு தொட்டி இருந்தது. மேல்தொட்டித் தண்ணீர் இங்கே இறங்கி, வடிகட்டி, மோட்டார் வழியாகத் திரும்பவும் மேலே ஏறும். முனீஸ் சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே கைவிட்டான்.

"எதுவும் கடிக்காதுல்லக்கா?"

"கடிச்சா நீ எலும்பிருக்கற சாதியான்னு தெரிஞ்சு போகும். தடவு."

மூலையில், ஸ்பாஞ்சுக்குப் பின்னால் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தான். ஒரு செம்புச் சொம்பு. கழுத்தெல்லாம் பச்சைக்களிம்பு பூத்திருந்தது. வயிற்றுப்பக்கத்தில் பழைய காலத்து வெட்டெழுத்து: சுப்பையன், குழந்தையம்மாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து வந்தாள் அனுப்பிரியா, மகுடேஸ்வரனின் மனைவி. சுப்புலட்சுமி கண்ணிமைக்கும் நேரத்தில் சொம்பைத் தன் துணிப்பைக்குள் போட்டுவிட்டார்.

"ஏனுங்க, சுப்பையன் குழந்தையம்மாளுங்கறது யாருங்க?" என்றார் சாதாரணமாக.

"எங்க மாமனார் மாமியாருங்க. ரெண்டு பேருமே போய்ச் சேர்ந்துட்டாங்க. ஏனுங்க?"

"சும்மாதாங்க."

அனுப்பிரியா தொட்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அனுதாபம் கொஞ்சமும் இல்லை. "எங்க கல்யாண நாளு அவருக்கு மறந்து போயிருங்க. பவளத்துக்குத் தீனி போடற நேரம் மறக்கவே மறக்காது. நானே ஒரு நாளைக்கு இதுல பிளீச்சிங் பவுடரக் கொட்டிரலாமான்னு நெனச்சதுண்டுங்க. கொட்டுலீங்க," என்று சொல்லிவிட்டு, சொன்னது அதிகமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பூசை போட்டோ இருந்தாக் காட்டுங்க," என்றார் சுப்புலட்சுமி.

அனுப்பிரியா தன் போனைக் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனாள். முனீஸ் ரகசியக் குரலில் மளமளவென்று வழக்கை முடித்தான். "அக்கா, துலங்கிருச்சு! சொம்பு இவுக மாமனாரு வீட்டுது. அதாவது பழைய வீட்டுல கெடந்தது. அங்கனயிருந்து சாமானத் தூக்கிட்டு வந்தவன் யாரு? பாண்டித்துரை. அடித்தொட்டியத் தொறக்கத் தெரிஞ்சவன் யாரு? பாண்டித்துரை. தண்ணி மொள்ள வெச்சிருந்துட்டு உள்ளயே விட்டுட்டான். வேணும்னு செஞ்சானோ மறதியில செஞ்சானோ, ஆளு அவன்தான்." சொல்லி முடித்தபோது அவன் முகம் பூரித்துப் போயிருந்தது.

"ஏனப்பா முனீசு, உங்கூருல பொண்ணக் கட்டிக் குடுக்கறப்போ பாத்திரம் தருவாங்களா?"

"தராமயா? அண்டா குண்டா எல்லாம் பேரு வெட்டித்தான் தருவாக."

"யாரு பேரு?"

"குடுக்குறவுக பேரு. பொண்ணோட அப்பன் ஆத்தா..." முனீஸ் அந்த வார்த்தையிலேயே நின்றான். பூரிப்பு இறங்க ஆரம்பித்தது.

"ஆத்தா பேரும் அப்பன் பேரும் சேர்ந்து இருந்தா அது சீர்ப் பாத்திரம். சீர்ப் பாத்திரம் குடுத்தவங்க ஊட்டுல இருக்காது. வாங்கிட்டுப் போனவ ஊட்டுல இருக்கும். இந்தா, இதைப் பாரு."

போட்டோவில் குடும்பம் மொத்தமும் பால் பொங்குகிற அடுப்பைச் சுற்றி நின்றது. முனீஸ் முகங்களைப் பார்த்தான். சுப்புலட்சுமி துணிகளைப் பார்த்தார். ஓரத்தில் அரக்கு நிறப் பட்டு கட்டிய ஒரு பெண். முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட். நெற்றியில் திருநீறு மட்டும்.

"வலது கையும் இடது கையும் ஒரே கலரா இருக்குதா சொல்லு."

முனீஸ் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "வலது பக்கம் கருக்கலா இருக்கு."

"ஒரே துணியில ரெண்டு ஷேடு வராது. வந்தா ரிஜெக்ட். அது நனைஞ்ச கை. பாலு பொங்க வைக்கற எடத்துல ஒருத்தி முழங்கை வரைக்கும் எங்க போயி நனைச்சுட்டு வந்தா?"

காபியோடு வந்த அனுப்பிரியா படத்தை எட்டிப் பார்த்தாள். "அவங்களா? அவருகூடப் பொறந்த தங்கச்சிங்க, சித்ராதேவி. பொங்கலூருல தோட்டத்து ஊட்டுல இருக்கறாங்க. மாப்பிள்ளை போன வருசம் தவறிட்டாரு."

காபி நன்றாகத்தான் இருந்தது. முனீஸுக்குக் கசந்தது. கையில் கிடைத்த பாண்டித்துரை நழுவிப் போகிறானே என்ற கசப்பு.

பொங்கலூர்த் தோட்டத்து வீட்டில் சித்ராதேவி தனியாக இருந்தாள். வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும், உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். அரக்கு நிறப் பட்டும் ஜாக்கெட்டும் ஹேங்கரில் தொங்கின, டிரைவாஷுக்குப் போடுவதற்காக. சுப்புலட்சுமி யாரையும் கேட்காமல் எழுந்து போய் ஜாக்கெட்டின் வலது கையை உள்பக்கம் திருப்பினார். முழங்கை ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு வளைந்து ஓடியது.

"உப்புக் கோடு," என்றார்.

"வேர்வைங்க," என்றாள் சித்ராதேவி சட்டென்று.

"வேர்வை அக்குளுல கோடு போடும் அம்மிணி. முழங்கையில போடாது. அதும் ஒரு கையில மட்டும் போடவே போடாது." சுப்புலட்சுமி பையிலிருந்து சொம்பை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

சித்ராதேவி அதைப் பார்த்தபடி நின்றாள். பச்சைக்களிம்பு பூத்த அப்பா அம்மா பெயரை விரலால் தடவினாள். பிறகு கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"எங்க வழக்கத்துல, புது ஊட்டுக்குக் கூடப்பொறந்தவதானுங்க உப்பும் தண்ணியும் மொதல்ல கொண்டுபோகோணும். பழைய ஊட்டுக்கு நாந்தாங்க கொண்டுபோனேன். அப்ப எங்க ஊட்டுக்காரரு இருந்தாரு. இப்பவும் அந்த நெனப்புலயே புளி போட்டுச் சொம்பை வெளக்கி, தண்ணி ரொப்பி, தட்டத்துல உப்போட போயி கேட்டுல நின்னனுங்க. எங்கண்ணன் என்ன சொன்னாரு தெரியுமுங்களா? 'உப்பும் தண்ணியும் நேத்தே உள்ள போயிருச்சு அம்மிணி, ஆறடித் தொட்டியில! நீ போயிச் சாப்புடு'ன்னாரு. அத்தனை ஒறம்பரையும் சிரிச்சுதுங்க. நானுஞ் சிரிச்சனுங்க."

சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"தாலி இல்லாதவ கொண்டுவரக் கூடாதுன்னு நேரா சொல்லியிருந்தாக்கூட ஏத்துக்கிருப்பனுங்க. அந்தத் தொட்டிய முன்னால நிறுத்தி எம்பட வாய அடைச்சுட்டாரு. கடல்ல கெடக்கற தண்ணிக்கு அந்த ஊட்டுல மொத மரியாதை, எம்பட தண்ணிக்கு இல்லை. சொம்பை வெச்சுக்கிட்டு எங்க போறதுன்னு தெரியலைங்க. அலமாரின்னு நெனச்சுக் கதவத் தொறந்தேன், உள்ள தண்ணி ஓடிட்டு இருந்துச்சு. இந்த ஊட்டுல ஒரு மூலையிலயாச்சும் எம்பட தண்ணி இருக்கட்டும்னு கைய விட்டு அடியில வெச்சுட்டனுங்க. அது சாகும்னு சத்தியமாத் தெரியாதுங்க."

"தெரிஞ்ச பொறவு?" என்றார் சுப்புலட்சுமி.

சித்ராதேவி தலையைக் குனிந்துகொண்டாள். "போன்ல எங்கண்ணன் ஏங்கி ஏங்கி அழுதாருங்க. எங்க ஊட்டுக்காரரு எழவுக்கு வந்தப்பக்கூட அவரு அப்படி அழுகலைங்க. அதைக் கேட்டதும், எம்பட சொம்பாத்தான் இருக்கும்னு தோணிருச்சு. நல்லாச் சாகட்டும்னும் தோணுச்சுங்க."

"பாண்டித்துரை மேல பழி விழுந்துச்சே."

"தெரியுமுங்க. ஆனாச் சொன்னா அந்த வாசலும் எனக்கு மூடிக்குமுங்க. இருக்கறது அந்த ஒரு வாசல்தானுங்க. நான் சொல்ல மாட்டனுங்க. நீங்க சொன்னா இல்லீன்னு சொல்லுவேன்."

சுப்புலட்சுமி மோர் டம்ளரையே உருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா இப்படி உட்கார்ந்து முனீஸ் பார்த்ததில்லை. வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மகுடேஸ்வரன் சொன்ன சாயங்காலம் வந்துகொண்டிருந்தது.

முனீஸ் தொண்டையைக் கனைத்தான்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? பாண்டித்துரையும் நானும் ஒரே ஊரு. அவன் வேனப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இன்னைக்குக் காலையில இருந்து அவன் மாட்டணும் மாட்டணும்னுதான் வேண்டிக்கிட்டு இருக்கேன். இந்தச் சொம்பு கெடைச்சதும் எனக்கு வந்த சந்தோசத்தப் பாத்திருந்தா நீங்க காறித் துப்பியிருப்பீக."

சித்ராதேவி நிமிர்ந்து பார்த்தாள். இவன் என்ன சொல்ல வருகிறான் என்று சுப்புலட்சுமிக்கும் புரியவில்லை.

"வர்ற வழியில யோசிச்சேன்க்கா. அவன் வேன் போயி, மனையும் போயி, எங்க லைன் வீட்டுல பக்கத்து ரூமுக்கு வந்து சேர்ந்தா எனக்கு நிம்மதியா இருக்குமான்னு. இருக்காதுக்கா. தெனமும் அவன் மூஞ்சியப் பாக்கணும். அதும்போக, யாரப் பாத்து வயிறெரியுறது? அதுக்கு நான் வேற ஆளத் தேடணுமில்ல."

சித்ராதேவிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்களுக்கும் எரியுதாங்க தம்பி?"

"இப்பவும் எரியுதுக்கா. அது பாட்டுக்கு எரியட்டும். அதுக்காக அவன் பொண்டாட்டி பிள்ளைக தெருவுக்கு வரணுமா?"

சித்ராதேவி சொம்பை எடுத்துக்கொண்டாள். "வண்டிய எடுங்க," என்றாள்.

அவர்கள் திருமுருகன்பூண்டி போய்ச் சேர்ந்தபோது மகுடேஸ்வரன் சோபாவில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருந்தார். பாண்டித்துரையின் போட்டோ திரையில் தயாராக இருந்தது.

"நிறுத்துங்ண்ணா," என்றாள் சித்ராதேவி. "அவரு பண்ணலை. நாந்தான்."

சொம்பை அவர் எதிரே வைத்தாள். நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னாள். அழவில்லை. மகுடேஸ்வரன் முதலில் சொம்பைப் பார்த்தார், பிறகு தொட்டியைப் பார்த்தார், பிறகு ஆத்திரத்தோடு எழுந்தார்.

"ஏழு வருசம் வளர்த்துனேன் அம்மிணி! ஒரு வார்த்தைக்காகவா இத்தனையும் கொன்னே? வெளையாட்டுக்குச் சொன்னதுதானே அது?"

"வெளையாட்டுங்களா? உப்பும் தண்ணியும் முந்தின நாளே உள்ள போயிருச்சுன்னா, அன்னிக்கு அண்ணி இடுப்புல தண்ணிக்குடத்தோட மொதல்ல உள்ள போனது எதுக்குங்ண்ணா?"

வாசலில் நின்ற அனுப்பிரியா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னிக்கே எம்பட மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாமல்ல?" என்றார் கடைசியில். குரலில் கோபம் மிச்சமில்லை. "அண்ணா, நாந்தான் கொண்டுபோவேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"கேட்டு வாங்கறதுக்குப் பேரு சீருங்களாண்ணா?"

மகுடேஸ்வரன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். தொட்டிக்காக அழுத அதே கண்ணில் இப்போதும் நீர் நின்றது. இந்த முறை அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அனுப்பிரியா வந்து சித்ராதேவியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். சித்ராதேவி போகிற போக்கில் அண்ணனைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. பாண்டித்துரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"உள்ள வாப்பா," என்று குரல் கொடுத்தார் மகுடேஸ்வரன். "மிச்சம் இருக்கறதக் காப்பாத்த முடியுமான்னு பாரு."

"வர்றேங்க முதலாளி. குரூப்புல மொத எழுதுங்க."

"அதான் போட்டோவப் போடவே இல்லையே!"

"போட்டோ போடல. காலையிலயே நாலு பேருக்குப் போன்ல சொல்லிட்டீங்களே. ரெண்டு பேரு எனக்குக் கூப்பிட்டு, இனிமே வராதேன்னுட்டாங்க. எழுதுங்க, நான் நிக்கிறேன்."

குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் குனிந்து, பாண்டித்துரை மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதை முனீஸ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அந்தத் தைரியம் தனக்கு வந்திருக்காது என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வழக்கமான இடத்தில் எரிந்தது.

செய்தி போய்ச் சேர்ந்த பிறகுதான் பாண்டித்துரை கேட்டைத் தாண்டினான். அடித்தொட்டியைப் பார்த்தான், கல்லைத் தொட்டு முகர்ந்தான். தண்ணீர் முழுக்க மாற்ற வேண்டும், கல் குடித்த செம்பு வெளியேற மாசக்கணக்கில் ஆகும், அதுவரை மீன்களைத் தன் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மகுடேஸ்வரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சுப்புலட்சுமி அவரிடம் விடைபெற்று, ஒரு போன் வந்ததென்று தோட்டத்துப் பக்கம் நகர்ந்தார்.

வேனுக்குப் பக்கத்தில் முனீஸும் பாண்டித்துரையும் மட்டும் நின்றார்கள். பாண்டித்துரை மீன்களுக்கு டிரம் எடுக்கப் போனான். முனீஸுக்கு மனசு உறுத்தியது.

"மாப்ள, ஒண்ணு சொல்லிர்றேன்டா. காலையில இருந்து நீ மாட்டணும்னுதான் நெனச்சேன். உனக்காக ஒண்ணும் நான் அலையலை. உன்னையப் புடிக்கணும்னுதான் அலைஞ்சேன்."

பாண்டித்துரை டிரம்மைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அந்த நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

"தெரியும்டா. அதுக்குத்தானே உங்க ஆபீசுக்கு வந்தேன். என்மேல பிரியம் இருக்கிறவன்னா, நீ பண்ணியிருக்க மாட்டேடான்னு தோளத் தட்டிட்டு வீட்டுக்குப் போயிருவான். வயிறெரியிறவன்தான் அடிவரைக்கும் தோண்டிப் பாப்பான்."

முனீஸ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். இதையும் இவன்தான் முதலில் யோசித்திருக்கிறானே என்று நினைத்தான். அதற்கும் வயிறு எரிந்தது.